நாலு மணிக்கு மேல் தேவயானி டீச்சர்

ஒன்பதாம் வகுப்பின் பின்சுவரில் சாய்ந்துகொண்டு, வலது கையை இடுப்பு உயரத்திலிருந்து மெல்ல மெல்ல மேலே தூக்கிக்கொண்டிருந்தார் தேவயானி டீச்சர். கை உயர உயர, கரும்பலகைக்கு முன்னால் நாடக ஒத்திகை பார்க்கும் பிள்ளைகளின் குரலும் உயர வேண்டும். அதுதான் ஏற்பாடு. கை தோளைத் தாண்டியும் குரல் எழும்பவில்லை என்றால் டீச்சரின் வாய் திறந்துவிடும்.

“ஏட்டி, இந்தா நிக்கேன், எனக்கே கேக்கல. அதுக்கும் பின்னால உக்காந்திருக்கவன் என்ன பாவம் செஞ்சான்?”

பிள்ளைகள் சிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். கடலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ‘ஏட்டி’ என்ற சொல்லே முதலில் வேடிக்கையாக இருந்தது. டீச்சர் போன பிறகு அப்படியே பேசிக் காட்டிச் சிரித்தார்கள். பிறகு வேடிக்கை போய்ப் பழக்கமாகிவிட்டது. இப்போது முத்தாண்டிக்குப்பம் பஸ்ஸில் ஏறுகிற பெண் பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி, “ஏட்டி, எடம் போட்டு வெச்சிகினு இரு” என்று கூப்பிட்டுக்கொள்கிறார்கள். கேட்கிற கண்டக்டருக்கு இது எந்த ஊர்த் தமிழ் என்றே விளங்குவதில்லை.

நெய்வேலி டவுன்ஷிப்பின் ஓரத்தில் இருந்த சின்ன அரசு உயர்நிலைப் பள்ளி அது. ஆறிலிருந்து பத்துவரை, வகுப்புக்கு ஒரே பிரிவு. சுரங்க நிறுவனத்தின் பெர்மனென்ட் வேலைக்காரர்களின் பிள்ளைகள் உள்ளே பிளாக்குகளில் இருக்கும் பெரிய பள்ளிகளுக்குப் போய்விட, இங்கே வந்தவர்கள் காண்ட்ராக்ட் தொழிலாளிகளின் பிள்ளைகளும் சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகளும்தான். பிள்ளைகள் குறைவு, அதனால் ஆசிரியர்களும் குறைவு. ஆனால் மன்றங்கள் மட்டும் குறைவில்லை. பெரிய பள்ளிக்கு என்னென்ன உண்டோ அத்தனையும் சின்னப் பள்ளிக்கும் உண்டு என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வரும். இலக்கிய மன்றம், அறிவியல் மன்றம், பசுமைப் படை, ஜூனியர் ரெட் கிராஸ், நுகர்வோர் மன்றம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாசிரியர் வேண்டும்.

தலைமையாசிரியர் வைத்திலிங்கம் நல்ல மனிதர், யாரையும் வற்புறுத்தத் தெரியாதவர். உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியர் அறையைச் சுற்றிப் பார்ப்பார். எல்லோரும் டீ டம்ளருக்குள் எதையோ தேடுவார்கள். கடைசியில் அவர் பார்வை ஜன்னலோர நாற்காலிக்கு வந்து நிற்கும்.

“டீச்சர், நீங்க ஒண்டியாத்தான இருக்கீங்க. இதையும் பாத்துக்குங்களேன்.”

அதில் குத்தல் எதுவும் இல்லை. மற்றவர்களுக்கு நாலு மணி அடித்தால் வீடு காத்திருக்கிறது. கணவரின் ஷிப்ட் நேரம், பிள்ளையின் டியூஷன், கரைத்து வைக்க வேண்டிய மாவு என்று ஆயிரம் இருக்கிறது. தேவயானி டீச்சருக்கும் கணவர் உண்டு, பிள்ளை உண்டு, மாவு அரைக்கிற வீடும் உண்டு. எல்லாம் சங்கரன்கோவிலில் இருந்தன.

வேலை கிடைத்தபோது தென் மாவட்டங்களில் இடம் இல்லை. கடலூர் மாவட்டம்தான் கவுன்சிலிங் திரையில் தெரிந்தது. “ரெண்டு வருசத்துல மாத்தி வாங்கிரலாம்” என்றார் கணவர் செந்தில்நாதன். அவருக்கு ஊரில் மின்வாரிய வேலை. குழந்தை கயல்விழிக்கு அப்போது இரண்டு வயது. மதினி வீட்டில் விட்டுவிட்டு வந்தவர், ஒவ்வொரு கோடையிலும் மாறுதல் கவுன்சிலிங்குக்குப் போய் வரிசையில் உட்கார்ந்து, ஊர்ப்பக்கத்து இடமெல்லாம் தன் முறை வருவதற்குள் ஒவ்வொன்றாக மறைவதைப் பார்த்துவிட்டு, ஜூன் மாதம் இதே ஜன்னலோர நாற்காலிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். இப்போது கயல் நாலாம் வகுப்பு.

இந்திரா நகரில் மாடியில் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருந்தார். கட்டில் கிடையாது, பாய்தான். வாளியின் கைப்பிடி உடைந்து கயிறு கட்டியிருந்தது. வீட்டுக்கார அம்மாள் கேட்டால், “போகப் போறவளுக்கு என்னத்துக்கு கட்டிலு?” என்பார். ஏழு வருடமாக அதே பதில். ஆனால் அந்தக் கட்டில் இல்லாத அறையில் இரண்டு தகரப் பெட்டிகள் இருந்தன. அவற்றில் ஒட்டு மீசை, சணல் தாடி, அட்டைக் கிரீடம், போலீஸ் தொப்பி, பழைய லுங்கிகள். பிள்ளைகளின் நாடகத்துக்காக அவர் கடை கடையாய்ப் பார்த்துச் சேர்த்தவை. துணி காயப்போட்டால் தெர்மல் மின் நிலையத்தின் கரித்தூள் படியும் என்று தன் புடவைக்குக்கூட அவ்வளவு யோசிக்காதவர், அந்தப் பெட்டிகளுக்கு மட்டும் பழைய போர்வையைப் போர்த்தி வைத்திருந்தார்.

நாலரை மணிக்குக் கயலிடமிருந்து போன் வரும். பள்ளி விட்டு வந்ததும் அந்தப் பிள்ளைக்கு அம்மாவோடு பேச வேண்டும். அந்த நேரத்தில்தான் இங்கே மன்றம் நடக்கும். “அப்புறம் பேசுதேன்ட்டி” என்று டீச்சர் வைத்துவிடுவார். ஒருநாள் கயல் கேட்டாள்:

“அந்தப் பிள்ளையளுக்கு வீடு கெடையாதாம்மா?”

போனில் எவ்வளவு நேரம் பேசினாலும் தனிக் காசு இல்லை என்று ஆகிவிட்ட காலம் அது. மறுநாளிலிருந்து, போன் வந்ததும் எடுத்து, ஜன்னல் கட்டையில் சாத்தி வைத்துவிட்டு ஒத்திகையைத் தொடர்ந்தார். அங்கே கயல் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே இங்கே நடப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருவரையும் பார்க்காமலே குரலை வைத்து எல்லோரையும் தெரிந்துகொண்டாள். “அம்மா, இன்னைக்கு வளவன் அண்ணன் ஏன் பேசல?” என்று இரவில் விசாரிப்பாள். “அவனுக்குக் காய்ச்சல்” என்றால், மறுநாள் போன் எடுத்ததும் முதல் கேள்வி வளவனின் காய்ச்சலைப் பற்றியதாக இருக்கும்.

அந்த ஆண்டு இலக்கிய மன்றம் போட்ட நாடகம் பிள்ளைகளே உண்டாக்கியது. ஒன்பதாம் வகுப்புப் பொற்கொடி பேச்சுவாக்கில் சொன்ன ஒரு விஷயத்திலிருந்து அது பிறந்தது. அவள் அப்பா அய்யாசாமி சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை. நைட் ஷிப்ட் முடிந்து காலையில் வந்து படுப்பார். ஒற்றை அறை வீடு. அவர் எழுந்திருக்கும்வரை வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசக்கூடாது.

“எங்கம்மா முந்திரிக்கொட்டய எடுத்துகினு பக்கத்து வூட்டு நெழல்ல போய் உக்காந்து ஒடைக்கும் டீச்சர். மிக்சி போட மாட்டோம். ஐஸ் வண்டிக்காரரு எங்க தெருவுல மணி அடிக்க மாட்டாரு. சண்ட போட்டாக்கூட நாங்க மெதுவாத்தான் போட்டுக்குவோம்.”

வகுப்பே சிரித்தது. சிரித்து முடித்ததும் பாதிப் பேர், “எங்க வூட்லயும் அப்படித்தான்” என்றார்கள். ‘அப்பா தூங்குறாரு’ என்று பெயர் வைத்தார்கள். வீட்டுக்குள் ஒரு கல்யாணப் பேச்சு நடக்கிறது, ஒரு சண்டை நடக்கிறது, ஒரு நாய் வேறு உள்ளே புகுந்துவிடுகிறது. எல்லாம் கிசுகிசுப்பாகவே நடந்து முடிய வேண்டும். தூங்குகிற அப்பாவாகப் பொற்கொடி. ஒட்டு மீசையும் லுங்கியும் மாட்டிக்கொண்டு பெஞ்சின் மேல் அவள் விடுகிற குறட்டை ஒரு தினுசானது. ஏறும், நிற்கும், செத்தோமா பிழைத்தோமா என்று எல்லோரும் காத்திருக்கும்போது மறுபடி விசிலோடு இறங்கும்.

முதல் ஒத்திகையன்று இரவு கயல் கேட்டாள். “அம்மா, இன்னைக்கு ஒண்ணுமே கேக்கல. எல்லாரும் லீவா?”

அதற்குப் பிறகுதான் டீச்சர் பின்சுவரில் போய் நின்று கையைத் தூக்கத் தொடங்கினார். “ரகசியத்தையும் கத்திப் பேசணும்ட்டி. மெதுவாப் பேசுத மாதிரியும் இருக்கணும், கடைசி வரிசைக்கும் கேக்கணும்.” பிள்ளைகள் அந்தக் கையையே பார்த்துப் பார்த்துப் பேசப் பழகினார்கள். வட்டாரப் போட்டியில் மண்டபத்தின் கோடியில் நின்று டீச்சர் கையைத் தூக்கினார். முதல் பரிசு வாங்கி வந்தார்கள். அடுத்தது கடலூரில் மாவட்டப் போட்டி.

அதற்கான தேதி வந்த அன்று, டீச்சர் இரண்டு முறை படித்துவிட்டுத் தாளை மடித்து மேசை மேல் வைத்தார். அதே சனிக்கிழமைதான் கயலின் பள்ளி ஆண்டு விழா. முதல் முறையாகக் கயல் மேடையேறுகிறாள். மயில் நடனம், அதிலும் நடு மயில். இதுவரை ஒரு விழாவுக்கும் டீச்சர் போனதில்லை. பொங்கல் விடுமுறையில் பிள்ளையின் உச்சந்தலையில் கை வைத்து, “இந்தத் தடவ வாரேன்” என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். காலையில் கடலூர், மாலையில் சங்கரன்கோவில் என்று யாராலும் போய்ச்சேர முடியாது.

இரவு கணவரிடம் சொன்னார். செந்தில்நாதன் கோபப்படவில்லை.

“ஒனக்கு வர முடியலன்னா விடு. நான் அவகிட்ட சொல்லிக்கிடுதேன். அவ புரிஞ்சுக்கிடுவா.”

அந்த வார்த்தைதான் டீச்சரைத் தூங்க விடவில்லை. ஏழு வருடமாகக் கணவர் சொல்லிக்கொண்டிருக்கிறார், பிள்ளையும் புரிந்துகொண்டிருக்கிறது. சின்ன வயதில் ரயிலடியில் கால் தரையில் பாவாமல் உதைத்துக்கொண்டு அழுத பிள்ளை, இப்போதெல்லாம் “சரிம்மா” என்று கையாட்டுகிறது. அழுதால் தேற்றலாம். அடம் பிடித்தால் அணைக்கலாம். ‘சரிம்மா’வை என்ன செய்வது?

காலையில் தலைமையாசிரியரிடம் போய், தான் கடலூருக்குப் போக முடியாது என்று சொன்னார். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கணக்கு எடுக்கும் அம்சவல்லி டீச்சரை அனுப்புவதாக ஏற்பாடாயிற்று. பிள்ளைகளிடம் சொன்னபோது வளவன் முகத்தைத் தொங்கப்போட்டான். பொற்கொடிதான், “போயிட்டு வாங்க டீச்சர். நாங்க கேட்டோம்னு கயலுகிட்ட சொல்லுங்க” என்றாள்.

ஆனால் அடுத்த நாள் அவள் அப்பா பள்ளிக்கே வந்துவிட்டார். நைட் ஷிப்ட் முடிந்த முகம், கண் சிவந்திருந்தது. துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வராந்தாவில் நின்றார்.

“டீச்சர், நீங்க கூட போறீங்கன்னுதான் இவ அம்மா சரின்னுச்சி. இப்ப நீங்களே வரலன்னா எப்டிங்க?”

“அம்சவல்லி டீச்சர் வாராங்க. நல்லாப் பாத்துக்கிடுவாங்க.”

“அவங்கள எங்களுக்குப் பழக்கம் இல்லீங்களே. பொண்ணுப் புள்ள. அவ்ளோ தூரம்.” அவர் தரையைப் பார்த்தார். “அவ வேணாங்க. வேற புள்ளய போட்டுக்குங்க.”

வேறு பிள்ளையா? அந்தக் குறட்டைக்கு வேறு பிள்ளை எங்கே? ‘சரி, நானே வாரேன்’ என்ற சொல் டீச்சரின் தொண்டைவரை வந்துவிட்டது. ஏழு வருடமாக எதற்கெடுத்தாலும் வந்த சொல்தான் அது. அதை விழுங்கிவிட்டு வேறொன்றைச் சொன்னார்.

“அன்னைக்கு என் பிள்ளைக்கு ஆண்டு விழா. மேடையில ஆடுதா. நான் ஒரு தடவகூடப் பாத்ததில்ல.”

அய்யாசாமி நிமிர்ந்து பார்த்தார்.

“உங்களுக்குப் புள்ள இருக்குதுங்களா?”

“இருக்கு.”

“எங்கங்க?”

“சங்கரன்கோவில்ல. தெக்க, தென்காசிப் பக்கம்.”

உள்ளே யாரோ வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

“நீங்க போய் உங்க புள்ளயப் பாருங்க. நான் ஷிப்டு முடிச்சி அப்படியே இவங்கள இட்டுகினு போறேன். ஒரு நாளு தூங்காட்டி என்னா?”

வெள்ளிக்கிழமை மாலை டீச்சர் விருத்தாசலம் போய் ரயிலேறினார்.

சனிக்கிழமை மாலை, சங்கரன்கோவிலில் பள்ளி மைதானத்துப் பந்தலில், இரண்டாவது வரிசையில் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். போன் மடியில் இருந்தது. போட்டி மதியமே முடிந்திருக்க வேண்டும். பொற்கொடியிடம் போன் கிடையாது. வளவன் வீட்டுப் போனுக்கு இரண்டு முறை அடித்தும் எடுக்கவில்லை. பஸ்ஸில் வருகிறார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டார். மேடையில் யார் யாரோ பேசினார்கள். டீச்சரின் காதில் எதுவும் ஏறவில்லை.

பிறகு திரை விலகியது. நடுவில் கயல் நின்றாள். நீலப் பாவாடை, முதுகில் அட்டைத் தோகை, கன்னம் முழுக்க ஜிகினா. பாட்டு தொடங்கியதும் போன் மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. டீச்சர் குனியவில்லை. பிள்ளை திரும்பும்போதெல்லாம் அவர் உடம்பும் இருக்கையில் லேசாகத் திரும்பியது. இடையில் ஒருமுறை கயல் அடி தப்பி, பக்கத்து மயிலைப் பார்த்துத் திருத்திக்கொண்டாள். அந்தக் கணத்தில் டீச்சரின் வலது கை தானாக எழும்பி மார்பு உயரத்துக்கு வந்துவிட்டது. செந்தில்நாதன் பார்த்துவிட்டு, கீழே கிடந்த போனை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

ஆட்டம் முடிந்ததும் தோகையோடு ஓடி வந்த பிள்ளை, அம்மாவின் இடது கையைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்துக்கொண்டது. மூச்சு வாங்கியது.

“நடுவுல நின்னேன்லா, பாத்தியாம்மா?”

“பாத்தேன்ட்டி. முழுசும் பாத்தேன்.”

“பொற்கொடி அக்கா ஜெயிச்சிட்டாங்களா?”

கணவரின் பையிலிருந்து போனை வாங்கி அடித்தார்கள். இந்த முறை வளவன் எடுத்தான். பரிசு இல்லை. நடுவர்கள் நன்றாக இருந்தது என்றார்களாம். ஆனால் பாதி வசனம் தங்களுக்குக் கேட்கவே இல்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

“பின்னாடி யாருமே கை தூக்கல டீச்சர்” என்றான் வளவன்.

ஏதோ இழுபறி கேட்டது. பொற்கொடி போனைப் பிடுங்கியிருக்க வேண்டும். “அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க டீச்சர். மைக்கு சரியில்ல. கயலு நல்லா ஆடுச்சா?”

“நல்லா ஆடுனா” என்றார் டீச்சர். கயல் போனை வாங்கிக்கொண்டு, தான் நடுவில் நின்றதை அந்த அக்காவுக்கு முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரயிலடியில் கயல், “சரிம்மா” என்று சொல்லவில்லை. எதுவுமே சொல்லாமல் அப்பாவின் காலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். வண்டி நகர்ந்ததும் ஓடி வந்து, பிளாட்பாரத்தின் முனைவரை அழுதுகொண்டே வந்தாள். டீச்சர் கம்பியைப் பிடித்தபடி அந்த முகத்தைக் கண்ணிலிருந்து மறையும்வரை பார்த்துக்கொண்டு வந்தார். நெஞ்சு அறுந்தது. அதோடு, சொல்லக் கூச்சமாக, ஒரு நிம்மதியும் இருந்தது.

திங்கட்கிழமை நாலு மணிக்கு மேல், டீச்சருக்காக நாடகத்தை மறுபடி போட்டுக் காட்டினார்கள். இந்த முறை கை தூக்காமலே எல்லோர் குரலும் சுவரை முட்டியது. முடிந்ததும் ஆளாளுக்குக் கடலூர்க் கதை சொன்னார்கள். அய்யாசாமி முதல் வரிசையில் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தாராம்.

“நாடகம் முடியற வரிக்கும் முழிச்சிகினு இருந்தாரு டீச்சர்” என்றாள் பொற்கொடி. “எறங்கி வந்ததும், ‘நா இப்பிடியா கொறட்ட வுடுறன்’னு கேட்டாரு. ஆமாம்ப்பான்னேன். சிரிச்சிகினே இருந்தாரு. அப்பறம் பாத்தா நாற்காலியிலயே தூங்கிட்டாரு. பரிசு குடுத்து முடிக்கிற வரிக்கும் நாங்க யாரும் எழுப்பல.”

டீச்சர் சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அதைப் பார்க்கத் தான் அங்கே இல்லாமல் போயிற்று.

பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். பொற்கொடி மட்டும் மீசையைப் பிய்த்து எடுத்துக்கொண்டு கடைசியாக நின்றாள்.

“டீச்சர், இந்த வருசம் டிரான்ஸ்பர் கெடச்சிட்டா போயிடுவீங்களா?”

டீச்சர் அவளைப் பார்த்தார். பொய் சொல்ல வரவில்லை.

“போயிருவேன்ட்டி.”

“ம்” என்றாள் பொற்கொடி. வேறு எதையாவது பார்க்க வேண்டியிருந்தது அவளுக்கு. டீச்சரின் இடது கையைப் பார்த்தாள். “டீச்சர், கையில என்னமோ மின்னுது” என்று துடைத்துவிடப் போனாள்.

டீச்சர் சட்டென்று கையை மார்போடு இழுத்துக்கொண்டார். கயலின் கன்னத்து ஜிகினா அது.

பொற்கொடி தன் விரல்களைப் பார்த்தாள். சனிக்கிழமை விட்டதற்கும் சேர்த்து ஞாயிறு முழுக்க முந்திரிக்கொட்டை உடைத்திருந்தாள். கொட்டைப் பால் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோலுரிந்திருந்தது. மெதுவாக அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

அவள் என்ன நினைத்துவிட்டாள் என்பது டீச்சருக்கு ஒரு கணம் கழித்துத்தான் புரிந்தது. இடது கையை மார்போடு அணைத்தபடியே ஓர் எட்டு முன்னால் வந்து, வலது கையை நீட்டி, அவள் முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.